தலையில்லாத கிழங்கா மீன்

மலர், கதிர், உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் மலர் திருத்திக்கொள்ளட்டும்.

போன செவ்வாய்க்கிழமை கதிர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், பையைக்கூட இறக்காமல், "யப்பா, மீனுக்குக் காது இருக்குதா?" என்று கேட்டான். நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். "மீனுக்கு ஏதுடா காது? போய் மூஞ்சியக் கழுவு போ" என்றேன். அவனும் போய்விட்டான். அதற்கப்புறம் எனக்குத்தான் கை ஓடவில்லை. அந்தப் பதிலை வேறு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் சொல்லியிருக்கக் கூடாது. மீனுக்குக் காது உண்டு. அதன் காதுக்குள் இருக்கிற கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவன் நான். அதைக் காட்டியவரைப் பற்றி உங்களிடம் ஒரு நாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

மலர் கைக்குழந்தையாக இருந்த காலம் அது. அப்போதும் நாம் செவிலிமேட்டில் இதே வீட்டில்தான் இருந்தோம். இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. தெருவில் எல்லோருக்கும் அவர் 'மீன் சார்'. பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தன் வீட்டு வாசலில்கூடப் பெயர்ப்பலகை மாட்டாதவர் அவர். நானும் எழுதாமல் விடுகிறேன்.

மீனை அளந்து எழுதுவதுதான் அவருக்கு அரசாங்க வேலை. விடியுமுன் பஸ் பிடித்து, செங்கல்பட்டில் மாறி, பாலாறு கடலில் கலக்கிற பக்கம் போய் இறங்குவார். வலை கரையேறியதும் கூடையிலிருந்து பெரிது சிறிது பார்க்காமல், கைக்கு வந்தபடி மீனை எடுப்பார். மூக்கைப் பலகையில் முட்டவைத்து நீளம் பார்ப்பார். எடை போடுவார். வயிற்றைக் கீறி ஆணா பெண்ணா, முட்டை எந்தப் பருவம், குடலில் புழு இருக்கிறதா, இறால் குஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் தலையைப் பிளந்து, உள்ளிருந்து இரண்டு வெள்ளைக் கற்களை இடுக்கியால் எடுத்து, சின்னக் காகித உறையில் போட்டு, மேலே எழுதி வைப்பார். எத்தனையோ வகை மீன் கரைக்கு வந்தாலும், அவர் அளந்தது ஒரே மீனைத்தான். கிழங்கா மீன். உடம்பு கிழங்கு மாதிரி உருண்டு நீண்டிருக்கும், மூக்கு கூர்மையாக இருக்கும், முள் குறைவு. காய்ச்சல்காரருக்குக்கூடக் கொடுக்கலாம் என்பார்களே, அதுதான்.

அளந்து முடித்த மீனை வீணாக்காமல் ஐஸில் போட்டு எடுத்துவருவார். அவர் வீட்டம்மாவுக்கு மீன் வாடையே ஆகாது. அதனால் அந்த டப்பா நேராக நம் வீட்டுக்கு வரும். அந்த மீனுக்குத் தலை இருக்காது. வயிறும் முன்பே திறந்திருக்கும்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ண மீனத் துன்றீங்களே, கேஸ் ஆயிடப்போவுது" என்று எதிர்வீட்டு அண்ணன் கிண்டல் செய்வார்.

"கழுவற வேல மிச்சம்ணா, உனக்கு இன்னா போச்சு?" என்று உங்கள் அம்மா குழம்பு வைத்துவிடுவாள்.

மீன் சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும், அவர் பார்த்ததாக இருந்தால் பதில் சொல்வார். பார்க்காததாக இருந்தால், "தெரியலப்பா. பாத்துட்டு சொல்றேன்" என்பார். வெட்கமே படாமல் சொல்வார். நம் தெருவில் 'தெரியலை' என்று யாரும் சொல்லமாட்டார்கள். வழி கேட்டு வருகிறவனுக்குக்கூட, தெரியாவிட்டாலும் கையை எங்காவது நீட்டிவிடுவோம்.

ஒருநாள் டீக்கடையில் ஒருவர், "சார், இந்த வருசம் கிழங்கா நெறைய வருமா, கம்மியா?" என்று கேட்டார்.

"தெரியல."

"இத்தினி வருசமா அதையே அளந்துக்கினு கீறீங்க, இதுகூடத் தெரியலையா?"

"அளந்த மீனு தெரியும். அளக்காத மீனு தெரியாது. கடல்ல இருக்கறதுல முக்காவாசி நான் அளக்காத மீனுதானே?"

கடையே சிரித்தது. "இந்த வேலைக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது!" என்றார் டீ ஆற்றுகிறவர். மீன் சாரும் சேர்ந்து சிரித்தார். அவர் கூரத்தில் நிலத்து வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். நீச்சல் தெரியாது. படகில் ஏற்றினால் வாந்தி எடுப்பாராம். அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

நனைந்துபோய் எழுத்து அழிந்த உறைகளில் இருந்த கற்களை அவர் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். "எந்த மீனோட கல்லுன்னு தெரியாம எப்படி எழுதறது?" என்பார். எழுதவும் மாட்டார், தூக்கிப்போடவும் மாட்டார். ஆட்டினால் மிளகு டப்பா மாதிரி சத்தம் வரும். இந்த டப்பாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் நல்ல மழை. பாலாற்றில் தண்ணீர் ஓடியது. ஊரே பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்த்தது. வெள்ளம் வடிந்து, தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் ஆற்றுக்குப் போனோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்.

"இன்னா சார் இது, சின்னப் புள்ளையாட்டம்?"

"கிழங்கா இப்படித்தாம்பா புடிப்பாங்க. கரைவலை இழுக்கறப்ப மத்த மீனெல்லாம் மிரண்டு ஓடும். இது ஓடாது. மூக்கால மண்ணக் குத்தி உள்ள பூந்துக்கும். வலை அதும்மேலயே தாண்டிப் பூடும். அப்புறமா ஜனங்க எறங்கி, இந்தமாதிரி காலால தடவிக்கினே வருவாங்க. பாதத்துக்குக் கீழ வழுக்குச்சுன்னா, அப்படியே மிதிச்சிக்கினு குனிஞ்சு கையால எடுப்பாங்க."

"வலை வர்றது அதுக்கு எப்படித் தெரியுது?"

"மண்ணு அதிருதில்ல? நாம கரைல நடந்தாலே அதுக்குத் தெரிஞ்சிடும். ஆனா அந்த அதிர்வ உடம்பால வாங்குதா, காதால வாங்குதான்னு கேட்டா, தெரியலப்பா. ரெண்டுமா இருக்கலாம்."

"காதா? மீனுக்கு ஏது சார் காது?"

கதிர், நீ கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, இரண்டு கற்களை என் ஈரக்கையில் வைத்தார். அரிசி நொய் மாதிரி வெள்ளையாக இருந்தன. "வெளிய தெரியாது. மண்டைக்குள்ள இருக்குது. இந்தக் கல்லு ஆடுனாத்தான் அதுக்குச் சத்தம் கேக்கும். மரத்துக்கு இருக்கறாமாரி இதுக்கும் வளையம் இருக்குது. எண்ணிப் பாத்தா வயசு தெரியும்" என்றார்.

மலர், அப்போது உனக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. இனி எழுதப்போவது உன்னைப் பற்றி.

தறிக்குப் பக்கத்திலேயே உத்தரத்தில் புடவையைக் கட்டி உனக்குத் தூளி. ஒரு தறியில் நான், இன்னொன்றில் உன் அம்மா. மேலே புடவைக்கு டிசைன் எடுக்கிற ஜக்கார்டு பெட்டி இடி மாதிரி அடிக்கும். நீ அசையாமல் தூங்குவாய். பாவு நூல் கொண்டுவருகிறவர், பட்டு கொண்டுவருகிறவர், யார் வந்தாலும் தூளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தறிக்காரன் பொண்ணுப்பா! இத்தினி சத்தத்துல எப்படித் தூங்குது பாரு!" என்பார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். பெருமாள் கோயில் கருடசேவை அன்று உன்னைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு போனேன். அதிர்வேட்டு போட்டபோது சுற்றி இருந்த குழந்தைகள் எல்லாம் வீறிட்டன. நீ மட்டும் விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். "தைரியசாலி" என்று உன்னை எல்லோரிடமும் காட்டினேன்.

ஒன்றரை வயதாகியும் உனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. உன் அம்மாதான் முதலில் பயந்தாள். "கூப்ட்டா திரும்பமாட்டேங்குதுங்க" என்றாள். நான் தரையில் காலை ஓங்கி மிதித்தேன். நீ உடனே திரும்பிப் பார்த்தாய். "பாத்தியா? எல்லாம் கேக்குது. உங்கிட்ட வீம்பு பண்ணுது" என்று சொல்லிவிட்டேன். அதோடு அவள் வாயை அடைத்தேன்.

ஆனாலும் எனக்குள் ஏதோ அரித்தது. டீக்கடையில் ஒரு நாள் பேச்சை எடுத்தேன், காலை மிதித்தால் நீ திரும்புவதையும் சொன்னேன். "எங்க பெரியவன் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப மூடமாட்டேன்றான்" என்றார் ஒருவர். "நீயே லேட்டாத்தான் பேசுனன்னு உங்கப்பா சொல்லுவாரு" என்றார் எதிர்வீட்டு அண்ணன். எனக்குத் தெம்பாக இருந்தது. மீன் சார் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க இன்னா சார் சொல்றீங்க? சரியாப் பூடும்தானே?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியலப்பா. பாத்துட்டு சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரே சரியாப் பூடும்னு சொல்லுது. உங்க வாயால ஒரு நல்ல வார்த்த வராதா? எம் பொண்ணு இன்னா கிழங்காவா, நீங்க அளந்து பாக்கறதுக்கு?"

அன்று சாயங்காலம் மீன் டப்பா வந்தது. நான் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் மூன்று வாரம் அவர் தெருவில் வந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு தறி நாடாவை ஓட்டினேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

முடிச்சை அவிழ்த்தவள் உங்கள் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றாள். நான் தறியை நிறுத்திவிட்டு, அவர்கள் பேசியதை நம் வீட்டுக்குள்ளிருந்தே காதில் வாங்கினேன்.

"அண்ணா, பாத்துட்டு சொல்றேன்னு சொன்னீங்களாமே. பாத்தீங்களா?"

"பாத்துக்கினுதாம்மா இருக்கறேன். பழைய பேப்பர்காரன் பாப்பா முதுகுக்குப் பின்னாடி நின்னு கத்தறான், திரும்பல. கருடசேவையன்னிக்கு அத்தினி வேட்டுக்கும் அழல. ஆனா உங்க வீட்டுக்காரரு கால மிதிச்சா மட்டும் திரும்புது. அதான் எனக்குப் புரியல. வீட்டுக்குள்ள வந்து பாக்கலாமா? அவரு கோவிச்சுக்குவாரா?"

"கோவிச்சுக்கட்டும். நீங்க வாங்க."

அவர் வந்தார். கையில் அந்த மாத்திரை டப்பா. நான் எதுவும் கேட்காதவன் மாதிரி மறுபடி தறியை ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, "அஞ்சு நிமிசம் தறிய நிறுத்துப்பா" என்றார். நான் நிறுத்தினேன். வீடு அத்தனை அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை.

"இப்ப கால மிதி."

நீ தரையில் உட்கார்ந்து காலி நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாய். நான் பின்னால் நின்று மிதித்தேன். திரும்பினாய். "பாத்தீங்களா சார்!" என்றேன், ஜெயித்தவன் மாதிரி.

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "தூளில போடும்மா" என்றார். அம்மா உன்னைத் தூளியில் உட்காரவைத்தாள். உன் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. "இப்ப மிதிப்பா."

மிதித்தேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னொருவாட்டி."

பாதம் எரிகிற அளவுக்கு மிதித்தேன். அடுப்படியில் பாத்திரம் அதிர்ந்தது. நீ திரும்பவில்லை. அவர் உன் வலது காதுக்குப் பின்னால் டப்பாவை ஆட்டினார். பிறகு இடது காதுக்குப் பின்னால். அம்மா எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் ஓங்கி அடித்தாள். எதிர்வீட்டு அண்ணன் "இன்னாம்மா ஆச்சு?" என்று ஓடிவந்தார். நீ ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த மைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மீன் சார் டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "தரைல இருக்கறப்ப தரை சொல்லுது. தூளில தரை இல்ல. கொழந்த காதால கேக்கலப்பா, உடம்பால கேக்குது. ஆத்துல சொன்னேனே, மண்ணு அதிர்ந்தா கிழங்காவுக்குத் தெரியும்னு? அந்தமாரி." பிறகு, "இதுக்குமேல எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்ககிட்ட போவணும். நாளைக்கே போவணும். நானும் வர்றேன்" என்றார்.

நான் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்துவிட்டேன். நீ சத்தத்தில் தூங்குவதைப் பெருமையாக ஊருக்குக் காட்டினேனே, அது எதைக் காட்டினேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அவர் லீவு போட்டார். சென்னையில் பெரிய அரசு ஆஸ்பத்திரி. எந்தச் சீட்டு எங்கே வாங்குவது, எந்த வரிசையில் நிற்பது, எல்லாம் அவர்தான். உள்ளே ஒரு டாக்டரம்மா. "எம் பொண்ணு பேசுமாம்மா?" என்று நான் கேட்டேன். "இப்ப தெரியலைங்க. டெஸ்ட் எல்லாம் பண்ணிட்டு சொல்றேன்" என்றார் அவர். வெளியே வந்ததும் மீன் சார் என் தோளைத் தட்டினார். "நல்ல டாக்டருப்பா. தைரியமா இரு" என்றார். ஒருவர் 'தெரியலை' என்று சொன்னதற்காக நான் தைரியமானது அன்றுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் எத்தனை நடை என்று கணக்கில்லை. முதலில் காதில் மாட்டுகிற கருவி போட்டுப் பார்த்தார்கள். அது போதவில்லை. அப்புறம் ஆபரேஷன். காதுக்குள் ஒரு கருவி, காதுக்குப் பின்னால் வட்டமாக ஒட்டிக்கொள்கிற இன்னொரு கருவி. நீ இப்போதும் தினமும் மாட்டுகிறாயே, அதுதான். "இந்த வயசுலயே கொண்டாந்தீங்களே, நல்லதாப் போச்சு. இன்னும் நாலஞ்சு வருசம் விட்டிருந்தா பேச்சு வர்றது கஷ்டம்" என்று டாக்டரம்மா சொன்னார். எங்களோடு வந்திருந்த மீன் சார் அப்போது வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

புண் ஆறி, கருவியை முடுக்கி, வீட்டுக்கு வந்த நாள். அம்மா உன்னைத் தூளியில் உட்காரவைத்தாள். மீன் சார் வாசற்படியில் உட்கார்ந்தார். நான் என்ன செய்வது என்று தெரியாமல், எப்போதும்போலத் தறியில் இறங்கி, மிதியை ஒரு மிதி மிதித்தேன். ஜக்கார்டு தடாலென்று அடித்தது.

நீ வீறிட்டு அழுதாய். உடம்பெல்லாம் நடுங்க, கையைத் தூக்கிக்கொண்டு அம்மாவைத் தேடினாய். தறிக்காரன் பொண்ணு தறிச்சத்தத்துக்குப் பயந்து அழுதாள். அம்மா உன்னை அள்ளிக்கொண்டு அவளும் அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக. "நிறுத்துங்க, நிறுத்துங்க! கொழந்த பயப்படுது!" என்று என்னை அடித்தாள். அன்றைக்கு முழுக்க இரண்டு தறியும் ஓடவில்லை. எதிர்வீட்டு அண்ணனிடம்கூடப் போய், "சத்தம் போடாதீங்கண்ணா, எம் பொண்ணுக்குக் காது கேக்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் உன் பேச்சு. அது அம்மாவின் உழைப்பு. தினமும் பயிற்சிக்குக் கூட்டிப்போய், வீட்டிலும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லவைத்து, இரண்டு வருஷம் அவள் தறியில் உட்காரவே இல்லை. அதை அவள் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன் சாருக்கு வேறு கடற்கரைக்கு மாற்றல் வந்தது. வீட்டை விற்றுவிட்டுப் புறப்பட்ட அன்று, மீன் கல்லுக்கு வைத்திருப்பாரே, அந்த மாதிரி ஓர் உறையை என் கையில் கொடுத்தார். உள்ளே இரண்டு கற்கள். மேலே அவர் கையெழுத்து:

தரையில்: திரும்பியது.
தூளியில்: திரும்பவில்லை.

அதற்குக் கீழே வேறு மையில்:

தறிச்சத்தம்: அழுதது.

"இத எதுக்கு சார் எழுதி வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"பாத்துட்டு சொல்றேன்னு சொன்னேனே. அதான்" என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா" என்று போய்விட்டார். டீக்கடையில் நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கவே இல்லை. நன்றியும் சொல்லவில்லை.

அந்த உறை, மலர், உன் ஆஸ்பத்திரி ஃபைலில் முதல் பக்கத்தில் இருக்கிறது. நேற்று அதை எடுத்துக் கதிருக்குக் காட்டினேன். "அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேண்டா. மீனுக்குக் காது இருக்குது. இதான் அதுக்குள்ள இருக்கற கல்லு" என்றேன். அவன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நீ எழுத்தைப் படித்தாய். மூன்று வரியையும் சத்தமாகப் படித்தாய். அந்த மூன்று வரியை உன் குரலில் கேட்க நான் உயிரோடு இருக்கிறேன்.

"இந்த சார் இப்ப எங்கப்பா இருக்காரு?" என்று கேட்டாய்.

நாகப்பட்டினம் பக்கம், ராமேஸ்வரம் பக்கம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"தெரியலம்மா" என்றேன். "ஞாயித்துக்கெழம அவரு வேல செஞ்ச கரைக்கே போய் விசாரிப்போம். பாத்துட்டு சொல்றேன்."